மருந்து வாங்கி நான்கு நாட்கள் ஆகின்றன, இன்னும் பிரிக்கவில்லை: ஹார்மோன் தொடங்கினால் என்னென்ன நடக்கும்?

முதல்மழை

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் முறை. வயது 26, திருநங்கை. மூன்று முறை மருத்துவரைப் பார்த்து, இரத்தப் பரிசோதனைகள் முடித்து, சென்ற வாரம் மருந்துச் சீட்டு கைக்கு வந்தது. எஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடியோல் மாத்திரை, கூடவே ஸ்பைரனோலாக்டோன். வாங்கி வந்து மேசை இழுப்பறையில் வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் இழுப்பறையைத் திறக்கிறேன், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், மூடிவிடுகிறேன்.

வேண்டாம் என்ற எண்ணம் துளியும் இல்லை. ஆனால் மருத்துவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. அவர் விளக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் சீட்டு எழுதுவாரா மாட்டாரா என்று அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் ஆறே மாதத்தில் ஆள் அடையாளம் மாறிப்போன படங்கள், மறுபக்கம் இரத்தம் உறைந்து செத்துப்போவீர்கள் என்ற மிரட்டல். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? உங்கள் உடலில் எது எப்போது நடந்தது என்று சொல்லுங்கள்.

தாழம்பூ

26 என்கிறாய், அதனால் நீ என்றே அழைக்கிறேன். எனக்கு இது ஆறாவது ஆண்டு.

முதல் வாரம் ஒன்றும் நடக்காது. ஒன்றுமே. நான் மூன்றாம் நாளே தோல் மென்மையாகிவிட்டது என்று தோழியிடம் கையை நீட்டினேன். அவள் தடவிப் பார்த்துவிட்டு, "குளித்திருக்கிறாய், அவ்வளவுதான்" என்றாள். முதல் வாரத்தில் உண்மையிலேயே தெரியக்கூடியது கழிப்பறைக்கு ஓடுவது. ஸ்பைரனோலாக்டோன் அடிப்படையில் இரத்த அழுத்தத்துக்கான மருந்து, உடலிலிருந்து நீரைப் பிரித்து வெளியேற்றும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தடுப்பது அதற்குப் பக்க வேலை, நமக்கு அதுதான் முக்கிய வேலை. இரவில் விழுங்கினால் தூக்கம் போய்விடும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழு.

நீ காத்திருப்பது ஒன்று, முதலில் வருவது வேறொன்று. ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் பாலுணர்வு குறையும், காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுபோகும். சிலருக்கு அது பெரிய நிம்மதி, துணையோடு வாழ்கிறவர்களுக்கு முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். எனக்கு அடுத்ததாக மாறியது வியர்வையின் வாடை. துவைக்கப் போட்ட சட்டையை எடுத்தபோது வேறு யாருடைய சட்டையோ என்று நினைத்து மறுபடியும் முகர்ந்து பார்த்தேன். பிறகு தோலில் எண்ணெய்ப் பசை குறைந்தது.

மார்பு மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் தொடங்கும். எனக்கு மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு நாள், நெரிசலான பஸ்ஸில் தோள்பை சரிந்து அதன் வார் நெஞ்சில் பட்டது. கண்ணில் நீர் முட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தால் இடது காம்புக்குக் கீழே தட்டையாக, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கட்டி. வலது பக்கம் ஒன்றும் இல்லை. ஐந்து வாரம் கழித்துத்தான் அங்கே வந்தது. பயந்துவிடாதே, பல பெண் குழந்தைகளுக்கும் பருவ வயதில் அப்படித்தான் ஏறுமாறாக வரும். வளர்ச்சி முடிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும், பெரும்பாலோருக்கு ஆசைப்பட்டதைவிடச் சிறியதாகத்தான் நிற்கும். இதை யாரும் முன்னதாகச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

எது மாறாது என்பதையும் எழுதி வைத்துக்கொள். குரல் மாறாது, அதற்குப் பயிற்சிதான். தாடி போகாது, மெதுவாக வளரும், அவ்வளவே. உயரம், தோள் எலும்பு, தாடை எலும்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். முகம் மாறியது போலத் தெரிவது எலும்புக்கு மேலே கொழுப்பு இடம் மாறி உட்காருவதால்.

கருவேலன்

முதல்மழை கேட்டது எஸ்ட்ரோஜனைப் பற்றி. ஆனால் இழையின் தலைப்பு பொதுவாக இருக்கிறது, திருநம்பிகளும் தேடிக்கொண்டு வருவார்கள் என்பதால் எங்கள் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி.

எங்களுக்குக் காலக்கணக்கே வேறு. உங்களுடையது ஊறி ஊறி வரும், எங்களுடையது கதவைத் தட்டாமல் நுழையும். இரண்டாம் மாதமே முதுகு முழுக்கப் பரு. கூடவே பசி. பள்ளிக்கூடத்துப் பையனின் உடல் முப்பது வயதில் திரும்பி வந்தது போல இருந்தது. மாதவிடாய் பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள் நின்றுவிடும். எனக்கு நான்காம் மாதத்தோடு நின்றது, நின்ற பிறகும் இரண்டு மாதம் பையில் துணி வைத்துக்கொண்டுதான் வெளியே போனேன், நம்பிக்கை வரவில்லை.

குரல்: ஐந்தாம் மாதம் வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்து என் கணக்கு விவரம் கேட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் நடுவில் ஒடிந்து கீழே விழுந்தது. மறுமுனையில் இருந்தவர் "உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சிரித்தேன். குரல்நாண்கள் தடிப்பதால் வருகிற மாற்றம் இது. ஊசியை நிறுத்தினாலும் திரும்பாது. பாடுகிறவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள், மேல் ஸ்தாயி போனால் போனதுதான்.

தாடி நிரம்ப நான்கைந்து ஆண்டுகள் ஆகும். தாடி வருவதற்குள் முன்தலை போய்விடுவதும் உண்டு. குடும்பத்து ஆண்களின் தலையைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். என் தாய்மாமனுக்கு 35 வயதிலேயே வழுக்கை, எனக்கும் நெற்றி ஏறிக்கொண்டிருக்கிறது. வந்தது வரட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றுவிட்டது என்பதற்காகக் கருத்தரிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து அல்ல. கருத்தரித்தால் அது கருவுக்குத் தீங்கு செய்யும். வாய்ப்பிருக்கிறவர்கள் தனியாகத் தடுப்பு எடுத்தே ஆக வேண்டும்.

பனிக்காலக்_கதவு

கருவேலன் அண்ணா, ஊசியா ஜெல்லா? எனக்கு ஊசி என்றாலே கை நடுங்குகிறது.

கருவேலன்

இரண்டும் வேலை செய்யும் தம்பி. ஜெல் தினமும் தடவ வேண்டும், அளவு ஏற்ற இறக்கமில்லாமல் இருக்கும். ஆனால் காய்வதற்குள் யாரையாவது அணைத்தால், குழந்தையைத் தூக்கினால், மருந்து அவர்கள் தோலுக்குப் போய்விடும். காய்ந்த பிறகு சட்டை போட்டுக்கொண்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். ஊசியில், எனாந்தேட் வகையை வாரத்துக்கு ஒன்றோ இரண்டு வாரத்துக்கு ஒன்றோ போடுவார்கள். அண்டெகனோவேட் வகை ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று, அதை மருத்துவமனையில்தான் மெதுவாக ஏற்றுவார்கள்.

நான் முதலில் இரண்டு வாரக் கணக்கில் இருந்தேன். பன்னிரண்டாம் நாளிலிருந்து எரிச்சல், சோர்வு, யாரைப் பார்த்தாலும் கோபம். மருத்துவரிடம் சொன்னதும் அதே அளவை இரண்டாகப் பிரித்து வாரம் ஒருமுறை ஆக்கினார், சரியாகிவிட்டது. கை நடுங்குவதற்கு: மருந்தை உறிஞ்சும் ஊசி தடிமனாக இருக்கும், குத்தும் ஊசி மெல்லியது, மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய் மருந்து என்பதால் குப்பியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் இளகிவிடும். முதல் முறை நானும் இருபது நிமிடம் தொடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவசரக்காரி

நான் மருத்துவரிடமெல்லாம் போகவில்லை. கருத்தடை மாத்திரை எங்கேயும் கிடைக்கிறது, அதிலும் பெண் ஹார்மோன்தானே இருக்கிறது? ஒரு நாளைக்கு [அளவு நீக்கப்பட்டது] போடுகிறேன், எட்டு மாதமாகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன். சீட்டு, பரிசோதனை என்று அலைந்தால் வயதாகிவிடும்.

நெறியாளர்

அளவுகளை இங்கே எழுதக்கூடாது என்பது விதி. ஒருவரின் அளவு இன்னொருவருக்கு நஞ்சாகலாம். பதிவை விட்டுவைக்கிறேன், ஏனெனில் பதில்கள் பலருக்குத் தேவைப்படும்.

இரவுப்பணி_செவிலி

அவசரக்காரி, உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. மருத்துவரைப் பார்க்க முடியாமல், பார்த்தாலும் அவமானப்பட்டுத் திரும்பி வந்து, இந்த வழிக்கு வந்தவர்கள் எத்தனையோ பேரை வார்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் இதை மட்டும் கேளுங்கள்.

பெரும்பாலான கருத்தடை மாத்திரைகளில் இருப்பது எத்தினில் எஸ்ட்ராடியோல். உடல் தானாகச் சுரக்கும் எஸ்ட்ராடியோல் வேறு, இது வேறு. கல்லீரலால் எளிதில் உடைக்க முடியாதபடி மாற்றிச் செய்யப்பட்ட மூலக்கூறு. உடையாமல் சுற்றிச் சுற்றி வந்து, இரத்தம் உறையச் செய்யும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகச் செய்யும்படி தூண்டிக்கொண்டே இருக்கும். பால் மாற்ற சிகிச்சையில் ஒரு காலத்தில் இதைத்தான் கொடுத்தார்கள். இரத்தக் கட்டிகள் வந்த பிறகு கைவிட்டார்கள். இன்றைய வழிகாட்டுதல்கள் எல்லாம் இதை வேண்டாம் என்றே சொல்கின்றன. நீங்கள் பலமடங்கு எடுக்கிறீர்கள், அதனுடன் இருக்கும் மற்ற ஹார்மோனும் பலமடங்கு உள்ளே போகிறது.

எட்டு மாதம் நன்றாக இருந்ததற்குக் காரணம் உங்கள் வயதும் அதிர்ஷ்டமும். புகை பிடிப்பவராக இருந்தால் அதுவும் குறைவு. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், அல்லது திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை அங்கே மறைக்காதீர்கள். இது எஸ்ட்ரோஜன் எடுக்கும் எல்லோருக்கும் பொருந்தும், முதல்மழைக்கும் சேர்த்துத்தான்.

இனி முதல்மழைக்கு. இரத்தம் உறையும் ஆபத்து உண்டு, ஆனால் எந்த வழியில் உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து மாறும். விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. தோலில் ஒட்டும் பட்டையும் ஜெல்லும் அந்தச் சுற்றைத் தவிர்த்து இரத்தத்தில் கலக்கின்றன. அதனால்தான் 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் முன்பு இரத்தக் கட்டி வந்தவர்களுக்கும் தோல்வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் வயதில், புகைப்பழக்கம் இல்லாமல், எஸ்ட்ராடியோல் மாத்திரை என்றால் பயந்து நடுங்க வேண்டியதில்லை.

முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். 2017-இல் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, திருநங்கையருக்கு எஸ்ட்ராடியோல் ஒரு மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிக்கோகிராம், டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே. திருநம்பியருக்கு டெஸ்டோஸ்டிரோன் 400 முதல் 700. அவர்களுக்கு ஹீமாட்டோகிரிட்டையும், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கையும், பார்க்க வேண்டும், டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தைக் கெட்டியாக்கும். நீங்கள் ஸ்பைரனோலாக்டோன் எடுப்பதால் பொட்டாசியத்தைக் கட்டாயம் பாருங்கள், அது ஏறினால் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. முடி வளர்வதற்காக நம்மவர்கள் பலர் பயோட்டின் மாத்திரை போடுகிறார்கள். அது சில ஆய்வகக் கருவிகளில் ஹார்மோன் எண்ணைத் தவறாகக் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, ஆய்வகத்திலும் சொல்லுங்கள். எஸ்ட்ராடியோல் விண்ணைத் தொடுகிறது என்று ஒருவருக்கு மருந்தைக் குறைத்தார்கள், கடைசியில் பார்த்தால் பயோட்டின்.

அவசரக்காரி

புகை உண்டு. ஒரு நாளைக்கு ஐந்தாறு.

இரவுப்பணி_செவிலி

தனி மடல் அனுப்பியிருக்கிறேன். பாருங்கள்.

வெள்ளாம்பல்

நான் தொடங்கியது 48 வயதில். இப்போது 51. இளையவர்கள் படங்களைப் பார்த்து எனக்கும் மனம் வெதும்பியது உண்டு, அதனால் என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

மருத்துவர் எனக்குப் பட்டைதான் கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு முறை அடிவயிற்றில் இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். வியர்வையில் ஓரம் கிளம்பும், துணியில் ஒட்டிக்கொள்ளும், குளித்துவிட்டு வந்து பார்த்தால் துண்டில் இருக்கும். ஈரமில்லாத தோலில் வைத்து, பத்து விநாடி உள்ளங்கையால் அழுத்தினால் நிற்கும் என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

மாற்றங்கள் வந்தன. மெதுவாக, குறைவாக, ஆனால் வந்தன. தோல் மாறியது, இடுப்பில் சதை விழுந்தது, கையில் வலு குறைந்தது. முன்பு ஒரு திருகில் திறந்த மூடியை இப்போது துணி சுற்றித் திறக்கிறேன். தலைமுடி உதிர்வது நின்றது, போன முடி திரும்பவில்லை.

தாடிதான் எனக்குப் பெரிய பாடு. லேசர் கருநிறத்தைத்தான் பிடிக்கும், நரைத்த முடியை அதற்குத் தெரியவே தெரியாது. என் முகவாயில் பாதி வெள்ளை. எலக்ட்ராலிசிஸ் என்ற முறையில் ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஊசி நுழைத்து மின்சாரம் விட்டுத்தான் எடுக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆகவே 26 வயதுக்காரியே, தாடி கறுப்பாக இருக்கும்போதே லேசரைத் தொடங்கிவிடுங்கள். ஹார்மோனுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தங்கையின்_அண்ணன்

நான் திருநர் அல்ல. என் தங்கை நான்கு மாதமாக மருந்து எடுக்கிறாள். முன்பெல்லாம் எதற்கும் கலங்கமாட்டாள். இப்போது ஒரு நாள் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு அழுகிறாள், மறுநாள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மருந்துதான் காரணமா, நாங்கள் ஏதாவது தவறு செய்கிறோமா? அவளிடம் கேட்டால் "நான் நன்றாக இருக்கிறேன் அண்ணா" என்கிறாள்.

வெள்ளாம்பல்

அவள் சொல்வதை நம்புங்கள் தம்பி. கண்ணீர் சீக்கிரம் வருவதாகப் பலர் சொல்கிறோம், எனக்கும் அப்படித்தான். இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, இத்தனை ஆண்டுகள் இறுக்கிப் பிடித்ததை விட்டதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தால் கவலை வேண்டாம். இரண்டுமே இல்லாமல் போனால் கவனியுங்கள். தூங்காமல், எழாமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்க அவள் எடுக்கும் மருந்து எது என்று கேளுங்கள். சைப்ரோடிரோன் என்றால் அது சிலருக்குச் சோர்வையும் மனச்சோர்வையும் தரும்.

இரவுப்பணி_செவிலி

சைப்ரோடிரோனைப் பற்றி ஒரு சேர்க்கை. நீண்ட நாள், அதிக அளவில் எடுத்தால் மெனிஞ்சியோமா என்ற மூளை உறைக் கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் 2020-இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தச் சொன்னது. இப்போது மிகக் குறைந்த அளவே போதும் என்று கொடுக்கிறார்கள். பழைய சீட்டில் பெரிய அளவு எழுதியிருந்தால் அடுத்த முறை அதைக் கேளுங்கள்.

தாழம்பூ

வெள்ளாம்பல் அக்கா, இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைப் பற்றியும் சொல்லுங்கள். நான் இரண்டாம் ஆண்டில் சேர்த்தேன், மார்பு வடிவம் மாறியது.

வெள்ளாம்பல்

இரண்டாம் ஆண்டில் அது இல்லாமலேயே மாறிக்கொண்டுதான் இருக்கும் கண்ணு. எதனால் மாறியது என்று எப்படித் தெரிந்தது?

தாழம்பூ

எனக்குத் தெரியும்.

இரவுப்பணி_செவிலி

இந்தச் சண்டை ஆண்டுக்கு நான்கு முறை இங்கே நடக்கிறது. மார்பு வளர்ச்சிக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. எடுத்தவர்கள் சிலருக்குத் தூக்கம் நன்றாக வருகிறது, சிலருக்கு மனம் சரிகிறது. தொடங்கும்போதே தேவையில்லை என்பதில் இருவரும் ஒத்துப்போவீர்கள் என நினைக்கிறேன்.

பாதிவழி

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் எட்டு மாதம் எஸ்ட்ராடியோல் எடுத்துவிட்டு நிறுத்தியவன். கதை சொல்லி யாரையும் தடுக்க வரவில்லை. எனக்கு அது பொருந்தவில்லை, நான் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்ற இடத்தில் இருக்கிறேன் என்பதைக் கண்டுபிடிக்க அந்த எட்டு மாதம் தேவைப்பட்டது. வருத்தமில்லை.

ஆனால் எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று அனுபவத்தில் சொல்லக்கூடியவர்கள் இங்கே குறைவு. நிறுத்திய சில மாதங்களில் பாலுணர்வு, கை வலு, தோலின் எண்ணெய்ப் பசை எல்லாம் பழையபடி வந்துவிட்டன. இடுப்புச் சதை மெல்லக் கரைந்தது. மார்பு மட்டும் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் சுருங்கியதே தவிர, உள்ளே வளர்ந்த திசு போகவில்லை. அறுவை சிகிச்சையால் மட்டுமே போகும். மெல்லிய சட்டை போட்டால் தெரிகிறது. எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது, பிடிக்காதவர்களுக்குக் கடினம்.

விந்தணு: நான் சேமித்து வைக்கவில்லை. நிறுத்தி நான்கு மாதத்தில் பரிசோதித்தபோது ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஓராண்டில் திரும்பியிருந்தது. எனக்குத் திரும்பியது என்பதற்காக உங்களுக்கும் திரும்பும் என்று எந்த மருத்துவரும் கையெழுத்துப் போடமாட்டார். முதல்மழை, உங்கள் பதிவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அதனால்தான் எழுதினேன். மாத்திரை இன்னும் பிரிக்காமல் இருக்கிறது அல்லவா?

முதல்மழை

இல்லை, பிரிக்கவில்லை.

மருத்துவர் கேட்டார். இப்போது நினைவுக்கு வருகிறது. "குழந்தை வேண்டுமா, சேமிக்க வேண்டுமா" என்றார். நான் "வேண்டாம், வேண்டாம்" என்று அவசரமாகச் சொன்னேன். கேள்வி புரிந்து சொன்ன பதில் இல்லை அது, அடுத்த கேள்விக்கு அவரை நகர்த்துவதற்காகச் சொன்னது. எங்கே தயங்கினால் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயம்.

உண்மையில் எனக்குத் தெரியவில்லை. 26 வயதில் வேண்டாம், 36-இல்?

கருவேலன்

அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. நான் தூக்கம் வரவில்லை என்பதைக்கூட மறைத்தேன்.

எங்கள் பக்கம் இது இன்னும் கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருமுட்டை சேமிக்க வேண்டுமானால் ஏறக்குறைய இரண்டு வாரம் தினமும் ஊசி போட்டு முட்டைகளை வளர்க்க வேண்டும், உள்ளே ஸ்கேன் செய்ய வேண்டும், எந்த எஸ்ட்ரோஜனிலிருந்து ஓடுகிறோமோ அது அந்த இரண்டு வாரம் உச்சத்தில் இருக்கும். லெட்ரோசோல் சேர்த்து அதைக் குறைத்து வைக்கலாம், கேட்டால் கொடுப்பார்கள். நான் செய்தேன். அந்த இரண்டு வாரத்தை மறுபடி வாழச் சொன்னால் மாட்டேன். செய்ததற்காக வருந்தவும் இல்லை.

உங்களுக்கு ஒரு கோப்பையோடு முடிந்துவிடும். போய்விட்டு வாருங்கள்.

முதல்மழை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவரை மறுபடி பார்த்தேன். "மனம் மாறிவிட்டதா?" என்று கேட்டார், இல்லை, முதல் முறை கேள்வியே காதில் விழவில்லை என்றேன். சிரித்தார். திருப்பி அனுப்பவில்லை.

சேமிப்பு மையத்தில் சன்னல் இல்லாத சிறிய அறை. பிளாஸ்டிக் கோப்பையின் மூடியில் என் பழைய பெயரை நீல மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். முதல் நாள் எதுவும் முடியவில்லை. நாற்பது நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வெளியே வந்து, முடியவில்லை என்று சொன்னபோது அங்கிருந்த பெண், "பலருக்கு அப்படித்தான், வியாழக்கிழமை வாருங்கள்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை முடிந்தது. இன்னும் ஒரு முறை கேட்டார்கள், அதுவும் முடிந்தது. இப்போது அது சுழியத்துக்குக் கீழே 196 டிகிரியில், திரவ நைட்ரஜனுக்குள் இருக்கிறது. எனக்கு அது தேவைப்படுமா என்று இன்னமும் தெரியாது.

நேற்று இரவு 9 மணிக்கு முதல் மாத்திரை. தாழம்பூ அக்கா சொன்னபடி ஸ்பைரனோலாக்டோனைக் காலைக்கு வைத்துக்கொண்டேன்.

தாழம்பூ

ஒன்றும் நடக்கவில்லை அல்லவா?

முதல்மழை

ஒன்றும் நடக்கவில்லை அக்கா. தூங்கிவிட்டேன், அவ்வளவுதான். நான்கு மாதமாகச் சரியாகத் தூங்கியதில்லை.

வெள்ளாம்பல்

மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதே சன்னல், அதே நேரம், அதே சட்டை. தினமும் கண்ணாடியைப் பார்க்காதீர்கள், கண்ணாடிக்கு நினைவாற்றல் கிடையாது. அளவை நீங்களாகக் கூட்டவும் கூடாது. கூட்டினால் வேகமாக வரும் என்று எல்லோருக்கும் தோன்றும், வராது. ஆபத்துதான் வேகமாக வரும்.

தங்கையின்_அண்ணன்

என் தங்கை எடுப்பது சைப்ரோடிரோன்தான். மருத்துவரிடம் கேட்டோம், அளவைக் குறைத்திருக்கிறார். இந்த இழையை அவளிடம் காட்டினேன். நான் இங்கே எழுதியதற்காக ஒரு நாள் பேசவில்லை, பிறகு தாழம்பூ அவர்களின் தோழி சொன்னதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

அவசரக்காரி

சீட்டு வாங்கிவிட்டேன். பட்டை. புகை இன்னும் இரண்டில் நிற்கிறது, திட்ட வேண்டாம்.

முதல்மழை

பதினொன்றாம் வாரம். முதல் இரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது. தொடங்கும்போது டெஸ்டோஸ்டிரோன் 512, இப்போது 61. எஸ்ட்ராடியோல் 84. மருத்துவர் எஸ்ட்ராடியோலைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். காலை விறைப்பு ஐந்தாம் வாரத்தோடு நின்றது. முகத்தில் எண்ணெய் வழிவது இல்லை. குளிர் முன்பைவிட உறைக்கிறது, எல்லோரும் சட்டையோடு இருக்கும் இடத்தில் நான் போர்வை தேடுகிறேன். வேறொன்றும் இல்லை என்று எழுதத்தான் இன்று காலை இந்தப் பக்கத்தைத் திறந்தேன். பாதியில் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.

மதியம் கோப்புகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன், அப்படியே மேசையில் போட்டுவிட்டேன். கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுதான். எனக்கு வலது பக்கம் முதலில்.

தாழம்பூ

ஐயோ, என் தங்கமே.

கருவேலன்

வாழ்த்துகள். கோப்புகளை இனி யாரையாவது தூக்கச் சொல்லுங்கள்.

இரவுப்பணி_செவிலி

மிக்க மகிழ்ச்சி. பொட்டாசியம் எவ்வளவு வந்தது என்று எழுதவில்லையே?

முதல்மழை

4.6.